முனை தொங்கக் கூடாது

பல்செட்டுக்காரர் வீட்டில் வைஃபை படுத்துவிட்டதற்குக் காரணம் ஒரு கை நீளமுள்ள ஒயர் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அந்த ஒயரை எலி கடிக்கவில்லை, நடுவில் அறுந்து போகவும் இல்லை. அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். தொங்குவதே குற்றம் என்று முடிவுகட்டிய மகா புத்திசாலிகள் சேர்ந்து ஒரு நிறுவனம் நடத்தினார்கள். ஊருக்கே இன்டர்நெட் கொடுப்பவர்கள் அவர்கள்தான். பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் பார்க்கலாம் என்றால், வேறு ஆளே கிடையாது.

பல்செட்டுக்காரர் வீட்டின் பின்பக்கத்தில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பொய்ப்பல் கட்டுகிறவர். ‘புல்லை மிதிக்காதே’ என்ற பலகையைப் பார்த்தால், புல்லே முளைக்காத இடத்தையும் சுற்றிக்கொண்டு போகிற மனிதர். அவருக்கு ஒரே மகள், நர்ஸ். கடல் தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. இரண்டு வருஷம் லீவு கிடையாது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் வேலையே கொடுத்திருந்தார்கள்.

அந்த வீட்டுக்குள் செல்போன் சிக்னல் வராது. தெருவில் ஜோராக வரும், வாசற்படி ஏறினதும் செத்துப்போகும். ஹாலில் பழைய லேண்ட்லைன் ஒன்று இருந்தது, அதில் முகம் தெரியாது. மகளுக்கு அப்பாவின் முகம் வேண்டும்.

“நீங்க பாட்டுக்குப் பல்லு கட்டிக்கிட்டே எங்கிட்ட பேசணும்பா. எனக்குன்னு தனியா நேரம் ஒதுக்கினா நீங்க பேச மாட்டீங்க. தொண்டையைத்தான் கனைப்பீங்க” என்றாள்.

அவளே மூன்று மெஷ் பெட்டிகள் வாங்கி வந்தாள். ஒன்றின் கையிலிருந்து இன்னொன்று வைஃபையை வாங்கி வீடு முழுக்கப் பரப்புகிற பெட்டிகள். பின் அறைச் சுவர் கோட்டை மாதிரி இருந்ததால் அங்கே மட்டும் ஒயர் இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். அதற்காக ஹாலில் ஒரு சுவிட்ச் வைத்தாள். விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை, ஒரு ஒயரில் வருவதை எட்டு ஒயருக்குப் பங்கு வைக்கிற தட்டைப் பெட்டி. அரைநாள் தரையில் சம்மணம் போட்டு, பெட்டிகளை ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்துவைத்து, முறைத்துக்கொண்டவற்றைச் சமாதானம் பண்ணி, பின் அறையில் முழுக் கோடுகளும் வர வைத்துவிட்டாள். கடைசியாக ஒரு சின்ன ஒயரின் ஒரு முனையை மட்டும் சுவிட்சில் செருகி, மறுமுனையை மேஜையோரம் தொங்கவிட்டாள். ஊருக்குக் கிளம்புமுன் அவள் லேப்டாப்பைச் செருகிக்கொள்வதற்கு. பிறகு, கிளம்புகிற அன்று காலை வருவதாகச் சொல்லிவிட்டுப் பயிற்சிக்காக விடுதிக்குப் போய்விட்டாள்.

வீட்டில் புதுப் பெட்டி வந்திருப்பது நிறுவனத்துக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. மறுநாளே கதவைத் தட்டினார்கள். வந்தவர் டை கட்டியிருந்தார், தோற்றப் பிரிவிலிருந்து வருவதாகச் சொன்னார். புதிதாக எதை மாட்டினாலும் அவர்கள் வந்து ‘மரியாதைப் பார்வை’ பார்ப்பார்களாம். பார்த்தவர் மேஜையோரம் வந்ததும் பாம்பைக் கண்டவர்போல நின்றார்.

“சார், முனை தொங்குதே!”

“அது பொண்ணோட லேப்டாப்புக்கு...”

“யாருக்கா இருந்தா என்ன சார்? முனை தொங்கக் கூடாது. போட்டோவுல அசிங்கமா விழும்.”

சொல்லிக்கொண்டே தொங்கிய முனையை எடுத்து, அதே சுவிட்சில் காலியாக இருந்த ஓட்டையில் செருகினார். ஒரே ஒயரின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில் போய் உட்கார்ந்தன. அதாவது, பெட்டி சொன்னது சுற்றிக்கொண்டு பெட்டியின் காதுக்கே திரும்பி வந்தது. அதைப் பெட்டி மறுபடி சொன்னது. அது மறுபடி வந்தது. எட்டு விளக்கும் பேய் பிடித்ததுபோல ஒன்றாகத் துடித்தன, வீட்டில் இருந்த இன்டர்நெட் மொத்தமும் அந்த நிமிஷமே மூச்சை விட்டது.

“பாருங்க, எவ்வளவு உற்சாகமா வேலை செய்யுது” என்றார் டைக்காரர். போட்டோ எடுத்தார். சுவிட்சின் மேல், ஒயரின் முதல் முனையையும் சேர்த்து மூடுகிறாற்போல, ‘சோதிக்கப்பட்டது, தொடாதீர்’ என்று ஒரு சீல் காகிதம் ஒட்டினார்.

“இப்ப நெட் வரலையே?” என்று பல்செட்டுக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“வேலை செய்யுதா இல்லையாங்கறது வேற டிபார்ட்மெண்ட் சார். வேலை செய்யற மாதிரி இருக்கான்னு பாக்கறதுதான் நாங்க.”

அவர் போனதும் பல்செட்டுக்காரர் லேண்ட்லைனில் நிறுவனத்தைக் கூப்பிட்டார். நெடுநேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு குரல் வந்தது. ஆணா பெண்ணா என்று பிரித்துச் சொல்ல முடியாத, சலவை செய்த குரல்.

“தங்கள் புகார் திறக்கப்பட்டுள்ளது. புகார் மூடப்படும் வரை சந்தாதாரர் சாதனத்தைத் தம் கண்பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும்.”

“எதுக்குங்க?”

“முன்பு ஒரு சந்தாதாரர் வெளியே போயிருந்தபோது எங்கள் ஊழியர் வந்து பூட்டிய கதவைப் பார்த்தார். அவர் மனம் மிகவும் புண்பட்டது. சந்தாதாரர் இடத்தில் உள்ளாரா என அவ்வப்போது அழைத்துக் கேட்போம். இல்லையென்றாலோ, சாதனத்தை யாராவது தொட்டாலோ, புகார் காலாவதியாகும். இணைப்பு ஒரு மாதம் ஓய்வில் வைக்கப்படும்.”

“ஓய்வா? யாருக்கு ஓய்வு?”

“தங்கள் பொறுமைக்கு நன்றி.”

அன்றிலிருந்து பல்செட்டுக்காரர் ஹாலில் சிறைப்பட்டார். பின் அறைக்குப் போனால் சுவிட்ச் கண்ணுக்குத் தெரியாது. அதனால் மெழுகு, அடுப்பு, அச்சு எல்லாவற்றையும் மனைவி ஹாலுக்கே சுமந்து வந்தாள். சுவிட்சைச் சுற்றி வரிசையாகப் பல்செட்டுகள் இளித்துக்கொண்டு உட்கார்ந்தன. பவுடரும் மெழுகுமாக ஹால் நாறிப்போனது. அவர் குளிக்கப் போனால் குளியலறைக் கதவைத் திறந்தபடி வைத்து, துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிச் சுவிட்சைப் பார்த்தார். போன் அடிக்கும். ஈரத்தோடு ஓடி வருவார்.

“சந்தாதாரர் இருக்கிறாரா?”

“இருக்கேங்க.”

“எத்தனை விளக்குகள் எரிகின்றன?”

“எல்லாம் எரியுது. உடனே எல்லாம் அணையுது. மறுபடி எரியுது.”

“ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், சார்.”

ஒருநாள் அவர் கண்ணயர்ந்த நேரத்தில் மனைவி போனை எடுத்துப் பேசிவிட்டாள். “சந்தாதாரரின் குரலில் மாற்றம் தென்படுகிறது” என்றது குரல். அதன்பின் அவர் பகலில் தூங்குவதை விட்டார்.

புகாரைப் பார்க்க முதலில் வந்தவர் கம்பிப் பிரிவுக்காரர். நல்ல மனிதர், அதுதான் வயிற்றெரிச்சல். வந்தார், குனிந்தார், ஒயரை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கண்ணால் தடவினார், சிரித்துவிட்டார்.

“அட, ரெண்டு முனையும் ஒரே பெட்டியில இருக்கே! எந்தப் புண்ணியவான் செருகினான்?”

பல்செட்டுக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்ப பிடுங்கிடலாமா?”

“தாராளமா. ஒரு செகண்ட் வேலை.” கையை நீட்டியவர் பாதியில் நிறுத்தினார். “ஆனா பிடுங்கினா முனை தொங்குமே.”

“தொங்கட்டுமே!”

“தொங்கினா அது தோற்றப் பிரிவு சார். நான் கம்பி. நாளைக்கு அவன் வந்து, ‘தொங்க விட்டது யாரு’ன்னு கேட்டா என் தலையில விழும். எனக்கு இவ்வளவு வருஷ சர்வீஸ்ல, சரி பண்ணின எந்த வேலையும் திரும்பக் கெட்டுப்போனதா ஒரு பேரு கிடையாது. ஏன்னு கேளுங்க.”

“ஏன்?”

“நான் எதையும் சரி பண்ணினதில்லை.”

இதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். போகும்போது, “காத்துல ஏதாவது கோளாறு இருக்கும். காற்றுப் பிரிவை அனுப்பச் சொல்றேன்” என்று ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனார்.

காற்றுப் பிரிவிலிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் ஒரு கருவி. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹால், சமையலறை, மாடிப்படி என்று வீடு முழுக்க மெதுவாக நடந்தார். பல்செட்டுகளைப் பார்த்து ஒரு கணம் திடுக்கிட்டார், பிறகு அவற்றையும் அளந்தார்.

“உங்க வீட்டுக் காத்து முதல் தரம்” என்றார் முடிவில். “இந்த மாதிரி காத்தை நான் பாத்ததே இல்லை.”

“நெட்டு வரலையேம்மா.”

“அது காத்தோட தப்பில்லை. ஆனா உங்க மனைவி நிக்கற இடம் சரியில்லை. மனுஷங்க உடம்புல பாதிக்கு மேல தண்ணி. தண்ணி அலையைத் தடுக்கும். இவங்க கொஞ்சம் அதிகமா தடுக்கறாங்க.”

மனைவி இடுப்பில் கை வைத்தாள். “ஏம்மா, ரெண்டு முனையும் ஒண்ணுல சொருகி வெச்சுட்டுப் போயிருக்கான் உங்க ஆளு. அது உங்க கண்ணுக்குத் தெரியலை, நான் நிக்கறது தெரியுதா?”

“தெரியுதும்மா. ஆனா ஒயரைப் பாத்தா நான் பாக்காத மாதிரி இருக்கணும்னு எங்களுக்கு ஆர்டர். இல்லைன்னா கம்பிப் பிரிவு கோவிச்சுக்கும். பிரிவுகளுக்குள்ள ஒற்றுமை ரொம்ப முக்கியம்.”

மூன்று பிரிவுகளும் சேர்ந்து வந்து பார்த்தால்தான் விடியும் என்று ஆனது. அப்படிப் பார்க்க மண்டல மேலாளர் நேரில் வர வேண்டும். பல்செட்டுக்காரர் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. கடைசியில் குரல் ஒருநாளைக் குறித்துக் கொடுத்தது. மகள் விமானம் ஏறுகிற அதே நாள்.

அன்று காலை மகள் வந்தாள். செருப்பைக் கழற்றக்கூட இல்லை, ஹாலில் விளக்குகள் துடிப்பதைப் பார்த்தாள்.

“ஐயோ, யாருப்பா இதை இப்படி லூப் பண்ணினது?” என்று நேரே ஒயரை நோக்கிக் கையை நீட்டினாள்.

“தொடாதே!”

அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் அதுவரை கேட்டதில்லை. அவள் சின்ன வயதில் மெழுகு அடுப்பில் கை வைக்கப் போனபோதுகூட அவர் இப்படிக் கத்தினதில்லை. மகள் கையை இழுத்துக்கொண்டாள். அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. சீல் காகிதத்தைக் காட்டினார், போனில் அந்தக் குரல் சொன்னதைச் சொன்னார்.

“நீ தொட்டா ஒரு மாசம் லைனை நிறுத்திடுவாங்க பாப்பா. அங்க போய் முதல் மாசம்தான் உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும். பாஷை தெரியாது, ஆளு தெரியாது. அப்பப் பாத்து எங்க முகம் தெரியலைன்னா?”

அவர் நினைத்தது முழுக்க அதைத்தான். புது ஊரில் வேலை முடிந்து அறைக்கு வந்து, போனைத் திறந்து, ஒன்றும் வராமல் உட்கார்ந்திருக்கும் மகளை அவர் எத்தனையோ தடவை மனசுக்குள் பார்த்துவிட்டார்.

“மாசம் போனாப் போகட்டும்பா. நீங்க ஏர்போர்ட்டுக்கு வாங்க. எனக்கு அது போதும்.”

“வராம இருப்பேனா? மேலாளர் மத்தியானமே வந்துடறாராம். முடிச்சுட்டு எல்லாரும் ஒண்ணாப் போகலாம்.”

மத்தியானம் யாரும் வரவில்லை. மகள் பெட்டியைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். மனைவி அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள், அதுவே ஆயிரம் திட்டு. வாசலில் கார் வந்து நின்றது. அதன் பின்னாலேயே நிறுவனத்தின் வேனும் வந்து நின்றது.

மண்டல மேலாளர் இறங்கினார். டைக்காரர், கம்பிக்காரர், காற்றம்மா மூவரும் அவர் பின்னால் வந்தார்கள். மேலாளர் சோபாவில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பல்செட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

“எங்க நிறுவனத்துல வாடிக்கையாளர்தான் சார் முதலாளி. அவரு சொல்றதை நாங்க கேட்டுக்கிட்டே இருப்போம். செய்யறோமா இல்லையாங்கறது வேற விஷயம், கேக்கறதுல ஒரு குறையும் வெக்க மாட்டோம். ஊர்ல சில பேரு, ‘உங்க நெட்டு வரமாட்டேங்குது’ன்னு சொல்றாங்க. வராம இருக்கும்போதுதானே சார் அதோட அருமை தெரியுது? அந்த அருமையை உண்டாக்கினது யாரு?”

மூவரும் கைதட்டினார்கள். வெளியே கார் ஹாரன் அடித்தது.

“ஐயா, பொண்ணு கிளம்பறா” என்றார் பல்செட்டுக்காரர்.

“முடிச்சிடலாம். என்ன பிரச்சினை?”

“ஒயரோட ரெண்டு முனையும் ஒரே பெட்டியில இருக்கு சார்” என்றார் கம்பிக்காரர்.

“பிடுங்கு.”

“பிடுங்கினா தொங்கும் சார்” என்றார் டைக்காரர்.

மேலாளர் யோசித்தார். கம்பி பிடுங்கினால் தோற்றத்துக்கு அவமானம். தோற்றம் பிடுங்கினால் தன் வேலை தப்பு என்று தானே ஒப்புக்கொண்டதாகும். காற்றுக்கு ஒயர் என்று ஒன்று இருப்பதே தெரியக் கூடாது. அவர் பார்வை பல்செட்டுக்காரர்மேல் விழுந்தது.

“சந்தாதாரர் எந்தப் பிரிவையும் சேராதவர். அவரு கை நடுநிலையான கை. சார், நீங்களே பிடுங்குங்க.”

இத்தனை நாள் அந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தவர் அதை முதல்முறையாகத் தொட்டார். பிடுங்கினார். துடித்த விளக்குகள் ஒரு நொடி அணைந்து, பிறகு ஒவ்வொன்றாக நிதானமாக எரிந்தன. மேஜைமேல் இருந்த அவர் செல்போன் தொடர்ந்து ஒலித்தது. அடைபட்டுக் கிடந்த செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. மகள் “அப்பா!” என்று சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே ஒயரைக் கீழே வைக்கப் போனார்.

“விடாதீங்க!” என்று நாலு பேரும் ஒரே குரலில் அலறினார்கள்.

“கையில இருக்கற வரைக்கும் அது தொங்கற முனை இல்லை” என்றார் மேலாளர். தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு எழுந்தே விட்டார். “பிடிச்சிருக்கற முனை! விதிக்கு விதியும் ஆச்சு, நெட்டுக்கு நெட்டும் ஆச்சு. விட்டீங்கன்னா தொங்கும். தொங்கினா சொருகணும். சொருகினா புகார் திறக்கும். அப்புறம் ஒரு மாசம் ஓய்வு.”

“எவ்வளவு நேரம் பிடிக்கணும்?”

“நேரமா?” மேலாளருக்குக் கேள்வி புரியவில்லை. “நெட்டு எவ்வளவு நேரம் வேணும் உங்களுக்கு?”

கார் மறுபடி ஹாரன் அடித்தது. மனைவி முன்னால் வந்தாள். “இப்படிக் குடுங்க, நான் பிடிச்சுக்கறேன். நீங்க அவகூடப் போயிட்டு வாங்க.”

“கணக்கு அம்மா பேர்ல இல்லையே” என்றார் டைக்காரர் பணிவாக.

பல்செட்டுக்காரர் வாசலைப் பார்த்தார். ஒயர் ஒரு கை நீளம். அதைப் பிடித்துக்கொண்டு மேஜையைவிட்டு இரண்டு எட்டுக்கூட வைக்க முடியாது. விட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. முதல் மாசம், முதல் மாசம் என்று மனசு சொன்னது. கை மட்டும் ஒன்றும் சொல்லாமல் பிடித்துக்கொண்டே இருந்தது.

மகள்தான் அவரிடம் வந்தாள். அவருடைய இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவர் தொண்டையைக் கனைத்தார்.

“கொஞ்சம் தள்ளி நில்லும்மா” என்றார் டைக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு. “போட்டோவுல முனை மறையுது.”

அவள் தள்ளி நின்றாள். போட்டோ எடுத்தார்கள். பிறகு மனைவி பெட்டியை இழுத்துக்கொண்டு அவளோடு போனாள். ஜன்னல் வழியாகக் காரின் முதுகு தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை. நிறுவனத்தார் அவரிடம் திருப்திதானே என்று கேட்டார்கள், அவரும் திருப்தி என்றார். வேன் போய்விட்டது.

ஹாலில் அவரும் ஒயரும் பல்செட்டுகளும்தான் மிச்சம். செல்போனை ஒரு அச்சின்மேல் சாய்த்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது கூப்பிட்டது. ஏர்போர்ட் கூட்டத்துக்கு நடுவே மகளின் முகம் ஒரு கீறல் இல்லாமல், ஒரு திக்கல் இல்லாமல் வந்தது. கண் சிவந்திருப்பதுவரை தெரிந்தது. பக்கத்தில் மனைவியின் பாதி முகம்.

“எவ்வளவு தெளிவா தெரியறீங்கப்பா” என்றாள் மகள். “அவங்கதான் போயிட்டாங்களே, இன்னுமா பிடிச்சுக்கிட்டிருக்கீங்க? விட்டுடுங்கப்பா. ஒண்ணும் ஆகாது.”

“சரிம்மா” என்றார். விடவில்லை.

“உள்ள கூப்பிடறாங்க. நான் போய் இறங்கினதும் கூப்பிடறேன்.”

அவள் முகம் போனதும், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த லேண்ட்லைன் அடித்தது. இடது கையால் எடுத்து, ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

“தங்கள் புகார் வெற்றிகரமாக மூடப்பட்டுள்ளது. சந்தாதாரர் இப்போது எங்கு வேண்டுமானாலும் செல்லலாம். முனை எங்கே இருக்கிறது, சார்?”

“கையில இருக்குங்க.”

“எந்தக் கையில்?”

“வலது கையில.”

“மற்றொரு கையில் என்ன உள்ளது, சார்?”

பல்செட்டுக்காரர் தன் இடது கையை விரித்துப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்லைங்க” என்றார்.